கிட்டாரைக் குடைந்தவர்

ஜாஸ் என்றால் என்ன என்று நம் ஹாஸ்டலில் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் டிரம்ஸ் செட்டைத்தான் சொல்வார்கள். மெல்லிசைக் குழுக்களின் உபயம்! உண்மையில் ஜாஸ் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்கள் வளர்த்த இசை. மேடையிலேயே கற்பனை செய்து வாசிப்பதுதான் அதற்கு உயிர். நம்ம கச்சேரியில் மனோதர்மம் என்கிறோமே, கிட்டத்தட்ட அதுதான்.

அந்த ஜாஸையும் கர்நாடக இசையையும் ஒரே மேடையில் உட்கார வைத்தவர்களில் முக்கியமானவர் ஜான் மெக்லாஃப்லின். 1942-இல் இங்கிலாந்தில் பிறந்த கிட்டார் கலைஞர். 1969-இல் அமெரிக்கா போய், ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸின் இசைத்தட்டுகளில் வாசித்தார். 1971-இல் 'மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா' என்று சொந்தக் குழு. எலெக்ட்ரிக் கிட்டார், காதைப் பிளக்கும் சத்தம், பெரிய பேர்! அதிலேயே காலத்தை ஓட்டியிருக்கலாம். மனுஷர் என்ன செய்தார் தெரியுமா? வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றுக்கொண்டார்!

பிறகு எல். சங்கர் (வயலின்), ஜாகிர் உசேன் (தபலா), விக்கு விநாயக்ராம் (கடம்) ஆகியோருடன் பிறந்தது 'சக்தி'. 1975-இல் மேடையில் பதிவான அவர்களது முதல் ஆல்பம் 1976-இல் வெளிவந்தது.

இனி நம்ம டிபார்ட்மென்ட் விஷயம்! கர்நாடக இசைக்குக் கமகம் வேண்டும். ஸ்வரம் அசைய வேண்டும். கம்பியை இழுத்தால் இழுவிசை கூடும், அதிர்வெண்ணும் கூடும். வீணையில் மெட்டுகள் உயரமாக இருப்பதால் கம்பியை நன்றாக இழுக்கலாம். சாதாரண கிட்டாரில் விரல் பலகையில் இடித்துவிடும். அதனால் மெட்டுகளுக்கு நடுவே மரத்தைப் பள்ளமாகக் குடைந்து, சுருதிக்காகக் குறுக்கே ஏழு கம்பிகளையும் கூடுதலாகக் கட்டி ஒரு கிட்டார் தயாரானது. செய்தவர் ஏப் வெக்ட்டர் என்ற கைவினைஞர்.

தாளத்துக்கும் அப்படித்தான். கொன்னக்கோலை முறையாகப் படித்தார். தகதிமி நாலு, தகிட மூணு. சேர்த்தால் ஏழு என்று வாயால் சொல்லிப் பழகிய பிறகுதான் கடத்துக்குப் பதில் சொல்ல முடியும்.

1997-இல் குழு மறுபடி கூடியது. பிற்பாடு மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸும், விநாயக்ராமின் மகன் செல்வகணேஷும் சேர்ந்தார்கள். 2023-இல் வந்த 'திஸ் மொமென்ட்' ஆல்பத்துக்கு 2024-இல் கிராமி விருது.

எனக்குப் படுவது இதுதான். இரண்டு இசையை மிக்ஸியில் போட்டு அடித்தால் ஃப்யூஷன் ஆகாது. அடுத்தவரின் இலக்கணத்தைக் கற்று, தேவைப்பட்டால் நம் கருவியையே குடைய வேண்டும். பைனல் இயர் பிராஜெக்டில் மெக்கானிக்கலும் எலெக்ட்ரானிக்ஸும் சேரும்போது, "உன் வேலையை நீ பார், என் வேலையை நான் பார்க்கிறேன்" என்று பிரிந்து உட்காருகிறோமே! எதிரே இருப்பவனின் சர்க்யூட்டை ஒரு வாரம் உட்கார்ந்து படித்தால் என்ன? அதற்கப்புறம் நாம் போடும் டிராயிங் வேறு மாதிரி இருக்கும்!