சேற்றுக்குப் பத்து நாள் சோதனை

கலிஃபோர்னியாவில் சாக்ரமெண்டோவை ஒட்டிய புறநகர் ரோஸ்வில். தனித்தனி வீடுகள், கத்தரித்த புல்தரைகள், குடியிருப்புகளின் மழைநீரை வாங்கிக்கொண்டு ஓடும் சிற்றோடைகள். அந்த ஓடைகளின் அடிச்சேற்றை பெர்க்லி பல்கலைக்கழகத்தின் டொனால்ட் வெஸ்டன் குழுவினர் அள்ளிச் சோதித்தார்கள். 2005இல் முடிவு வெளியானது. 21 மாதிரிகளில் ஏறக்குறைய எல்லாமே நச்சுத்தன்மை கொண்டவை. அவற்றில் 10 மாதிரிகளில் விடப்பட்ட உயிர்கள் 90 சதவீதத்துக்கு மேல் செத்துப்போயின.

செத்தது ஹயலெல்லா அஸ்டெகா. இறாலுக்குத் தூரத்து உறவு, வளர்ந்தாலும் சில மில்லிமீட்டர்தான். சேற்றின் மேற்பரப்பில் புரண்டு, மக்கிய இலையையும் பாசியையும் தின்று, கடைசியில் மீனுக்கு இரையாகும் உயிர்.

ரசாயனப் பரிசோதனை இருக்கும்போது இந்தச் சிற்றுயிர் எதற்கு? எந்த நஞ்சைத் தேடுகிறோமோ அதை மட்டும்தான் கருவி காட்டும். தேடாதது சேற்றிலேயே கிடக்கும். ரோஸ்வில் ஆய்வுக்கு முன்பு குடியிருப்பு ஓடைகளில் பைரித்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லிகளில் பெரும்பாலானவற்றை யாரும் தேடிப் பார்க்கவே இல்லை. அளவு தெரிந்தாலும் பாதிப்பு தெரியாது. சல்ஃபைடு மிகுந்த சேற்றில் காட்மியம் கட்டுண்டு கிடக்கும். அதே அளவு காட்மியம் வேறொரு சேற்றில் உயிரைக் குடிக்கும். ஹயலெல்லாவோ உள்ளதையெல்லாம் மொத்தமாக உடம்பில் வாங்கிக்கொள்கிறது. ஓடைத் தண்ணீரை மட்டும் பார்த்துவிட்டு ‘சுத்தம்’ என்று கையெழுத்திடும் அறிக்கையை நான் நம்புவதில்லை. பைரித்ராய்டு தண்ணீரில் தங்காமல் மண்துகளில் ஒட்டிக்கொண்டு அடியில் போய் உட்காரும் நஞ்சு.

சோதனை எளிமையானது, ஆனால் பொறுமை வேண்டும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2000இல் வெளியிட்ட முறைப்படி, ஒரு பீக்கரில் 100 மில்லி சேறு, மேலே 175 மில்லி தண்ணீர், அதில் ஒன்றிரண்டு வாரமே வயதான 10 குஞ்சுகள். வெப்பம் 23 டிகிரி. வெளிச்சம் 16 மணி நேரம், இருட்டு 8 மணி நேரம். தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும். ஈஸ்ட், புல்தூள், மீன்தீவனம் கலந்த கரைசல்தான் சாப்பாடு. பத்தாம் நாள் சேற்றைச் சல்லடையில் அலசி, நெளிகிறவற்றை ஒவ்வொன்றாக எண்ணுவார்கள். செத்தவை பெரும்பாலும் கரைந்துபோயிருக்கும். கண்ணில் படாததைச் செத்த கணக்கில் சேர்ப்பதுதான் வழக்கம். பக்கத்திலேயே நல்ல சேறு வைத்த பீக்கர்களும் இருக்கும். அவற்றில் 80 சதவீதமாவது பிழைக்காவிட்டால் சோதனையே செல்லாது.

செத்தது தெரிந்துவிட்டது, கொன்றது எது? இங்கேதான் இந்தத் துறையின் கெட்டிக்காரத்தனம் தெரிகிறது. தேங்காய்க் கரித்தூளைச் சேற்றில் கலந்தால் அது கரிமச் சேர்மங்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதன் பிறகு உயிர்கள் பிழைத்தால் உலோகத்தின் மேல் சந்தேகம் குறையும். பைரித்ராய்டை உடைக்கும் நொதியைப் பிபரோனைல் பியூடாக்சைடு முடக்கும். அதைச் சேர்த்ததும் சாவு கூடினால் பைரித்ராய்டுதான் முதல் சந்தேகம். குளிரிலும் அந்த நஞ்சின் வீரியம் கூடும். அதனால் 23 டிகிரியில் செய்த சோதனை, குளிர்ந்த ஓடையின் ஆபத்தைக் குறைத்தே காட்டக்கூடும்.

ரோஸ்வில்லில் முதல் குற்றவாளி பைஃபென்த்ரின். சைஃப்ளூத்ரினும் சைபர்மெத்ரினும் துணை. நம் வீட்டுக் கரப்பான் மருந்திலும் கொசுவிரட்டித் திரவத்திலும் இருப்பது இதே பைரித்ராய்டுக் குடும்பம்தான். எறும்புக்கும் கரையானுக்கும் வீட்டைச் சுற்றித் தெளித்ததும் புல்தரைக்குப் போட்டதும் மழையோடு வழிந்து ஓடைக்கு வந்து சேர்ந்திருந்தன. கை நீட்டிக் குற்றம் சொல்ல ஒரு கழிவுக்குழாய்கூட இல்லை. வீடுகளுக்கு வெளியே தொழில்முறையாளர்கள் பைரித்ராய்டு தெளிப்பதற்கு 2012இல் கலிஃபோர்னியா அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. இந்தச் சிற்றுயிர் காட்டிக்கொடுத்திராவிட்டால் அந்த விதிக்கு இவ்வளவு அழுத்தம் பிறந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

கதை அதோடு முடியவில்லை. கலிஃபோர்னிய நீர்நிலைகளில் பிடித்த ஹயலெல்லாக்களையும் ஆய்வகத்தில் வளர்ந்தவற்றையும் ஒப்பிட்ட ஆய்வு 2013இல் வந்தது. பைரித்ராய்டைத் தாங்கும் திறனில் அவற்றுக்கிடையே குறைந்தது 550 மடங்கு வித்தியாசம். நஞ்சு குறிவைக்கும் நரம்புப் புரதத்திலேயே சில கூட்டங்களுக்கு மரபணு மாற்றம் ஏற்பட்டிருந்தது. ஆகவே ஓடையில் ஹயலெல்லா துள்ளுவதைப் பார்த்து அங்கே நஞ்சில்லை என்று சொல்லிவிட முடியாது. எதிர்ப்பு இல்லாத ஆய்வக வம்சத்தை விட்டுப் பார்த்தால்தான் உண்மை தெரியும். பிழைத்துக்கொண்ட ஹயலெல்லாவின் உடம்பில் பைரித்ராய்டு சேர்கிறது. அந்த ஹயலெல்லாவைத் தின்னும் மீனுக்கும் நஞ்சு போகிறது என்பதைப் பின்னர் வந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.