உறவும் மருந்தாகும்

‘காலம் ஆற்றாத காயமில்லை’ என்பர் நம் பெரியோர். ஆயினும், போர் மனத்தில் ஏற்படுத்தும் காயம் காலத்தால் மட்டும் ஆறிவிடுவதில்லை. அதற்கு மனிதர்களின் துணையும் வேண்டும். அது எவ்வாறு என்பதை இக்கட்டுரையில் விளக்க விழைகிறேன்.

வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்க வீரர்கள் 1970களின் தொடக்கத்தில் சிறு குழுக்களாகக் கூடித் தங்கள் துயரத்தைப் பேசினர். அம்முயற்சியும் காரணமாக, 1980இல் இந்நோய் மருத்துவ நூலில் தனிப்பெயர் பெற்றது. ஈழத் தமிழர் இதனை ‘மனவடு’ என்பர். கொடிய நினைவுகள் மீண்டும் மீண்டும் வருதல், அவற்றை நினைவூட்டும் இடங்களையும் மனிதர்களையும் தவிர்த்தல், எந்நேரமும் பதற்றத்தோடிருத்தல் ஆகியன இதன் முக்கிய அறிகுறிகளாகும்.

இலண்டனைச் சேர்ந்த கிறிஸ் புரூவின் குழுவினர் 2000ஆம் ஆண்டில் 77 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கினர். அதிர்ச்சிக்குப்பின் ஆதரவு இல்லாமை, இந்நோயோடு வலுவாகத் தொடர்புடைய காரணிகளுள் ஒன்று எனக் கண்டனர். இங்கே ஒரு சிக்கலும் உண்டு. நோயாளி ஒதுங்குகிறார், எரிந்து விழுகிறார். வீட்டாரும் ‘கேட்காதே, கோபப்படுவார்’ என்று விலகுகின்றனர். ஆக, துணை தேவைப்படும் வேளையில்தான் துணை தேய்கிறது.

இச்சுழலை உடைக்கவே கேண்டிஸ் மான்சன் முதலிய உளவியலாளர்கள் கணவன் மனைவி இருவரையும் ஒருசேர அமர்த்தும் சிகிச்சையை உருவாக்கினர். இது 15 அமர்வுகளைக் கொண்டது. முதலில் இருவரும் நோயைப் புரிந்துகொள்கின்றனர். சினத்தை அடக்கப் பழகுகின்றனர். அடுத்து, இதுவரை தவிர்த்த சந்தை, திருமணம் போன்ற இடங்களுக்குச் சேர்ந்தே செல்கின்றனர். இறுதியாக, ‘நான் மட்டும் ஏன் பிழைத்தேன்?’ போன்ற எண்ணங்களைச் சேர்ந்தே ஆராய்கின்றனர். 2012இல் வெளிவந்த ஆய்வில், சிகிச்சைக்குக் காத்திருந்தோரைவிட இதனைப் பெற்றோரிடம் அறிகுறிகள் கூடுதலாகக் குறைந்திருந்தன.

இஃது அயலார் கதையன்று. 1942-1943இல் அமைக்கப்பட்ட 415 கிலோமீட்டர் சயாம்-பர்மா இரயில் பாதையில் 12,000க்கும் மேற்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் மாண்டனர். மாண்ட ஆசியத் தொழிலாளர்களோ ஏறத்தாழ 90,000 பேர் என்பர். அவர்களுள் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பெருந்தொகையினர். போர் முடிந்ததும் பிரிட்டிஷ் கைதிகள் சங்கங்கள் அமைத்துக் கூடினர்; லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளி அவர்களைப் பல்லாண்டுகள் கவனித்தது. நம்மவரோ மீண்டும் பால்மரம் வெட்டப் போயினர். பிறையில் நான் வளர்ந்த குடியிருப்பில், சயாமுக்குப் போய்வந்த ஒரு தாத்தாவைப் பற்றிப் ‘பேசமாட்டார், குடிப்பார்’ என்று மட்டுமே மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அக்குடியும் மௌனமும் ஒரு நோயின் அறிகுறிகளாக இருந்திருக்கலாம் என அன்று யாருக்குத் தெரியும்?

அத்தலைமுறை ஏறக்குறைய மறைந்துவிட்டது. ஆயினும் இராணுவம், காவல்துறை, தீயணைப்புத் துறை ஆகியவற்றில் பணியாற்றிய நம்மவர் இன்றும் நம் வீடுகளில் இருக்கின்றனர். அவர்களை மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். அங்கு அவர்களோடு நாமும் அமர்வோம். வலிந்து கேள்வி கேட்காமல், அவர்கள் பேசும்போது எழுந்து போகாமல் இருப்பதே மாணவர்களாகிய நாம் செய்யக்கூடிய முதல் உதவியாகும்.