கணக்கு நகலுக்கு நேர்க்கம்பி

2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலில் மரக்காணம் உப்பளங்கள் மூழ்கியதைப் பார்த்தோம். கடைக்குள் வெள்ளம் வந்தால் சரக்கோடு கணக்கும் போகும். ஜி.எஸ்.டி. சட்டமோ ஆண்டுக் கணக்கு தாக்கல் கெடுவிலிருந்து 72 மாதங்கள் ஏடுகளை வைத்திருக்கச் சொல்கிறது. எனவே கீழே கடை, மாடியில் வீடு என்றிருப்போர் மாடியில் ஒரு சேமிப்புப் பெட்டி (நாஸ் என்பார்கள்) வைத்து, அன்றாடம் நகலெடுப்பது நல்லது.

வைஃபையில் இழுக்கிறதென்று பலர் விட்டுவிடுகிறார்கள். கம்பி போடுங்கள். 1 கிகாபிட் இணைப்பில் 100 கிகாபைட் ஏறச் சுமார் கால் மணி; 2.5 கிகாபிட்டில் ஆறேழு நிமிடம். இதற்குக் கேட்-5ஈ கம்பியே 100 மீட்டர் வரை தாங்கும். ஆனால் இரு முனையும் 2.5 ஆக இருக்க வேண்டும்; ஹார்டு டிஸ்க்கும் ஈடுகொடுக்க வேண்டும். மூட்டை எவ்வளவு வேகமாக இறங்கினாலும் தராசு ஒன்றுதானே!

நடுவில் சுவிட்ச் தேவையில்லை. கணிப்பொறியின் கம்பி இணைப்புக்கு 10.0.0.1, பெட்டிக்கு 10.0.0.2, மாஸ்க் 255.255.255.0 கொடுத்து, கேட்வேயைக் காலியாக விடுங்கள். வீட்டு வைஃபை எண்களும் 10.0.0 என்று தொடங்கினால் வேறு வரிசை கொடுங்கள். இணையம் வழக்கம்போல் வைஃபையில் வரும். பெட்டியை அதன் எண்ணைக் கொடுத்தே திறக்க வேண்டும். பெயரைக் கொடுத்தால் மறுபடி வைஃபை வழியே போய்விடக்கூடும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

நம் உப்புக் காற்றுக்கு ஒரு வார்த்தை: செம்பு முலாம் பூசிய அலுமினியக் கம்பி மலிவு என்று வாங்காதீர்கள், முழுச் செம்பு கேளுங்கள். வெளிச்சுவரில் ஒட்டுப் போட்டால் களிம்பு ஏறும். ஒரே நீளமாக இழுத்து, முனைகளை வீட்டுக்குள் வையுங்கள்.