கடல் ஒன்று, கரை இரண்டு: பாக் விரிகுடாவுக்கு வர வேண்டிய நிதி

2024 நவம்பர் இறுதியில் வங்கக் கடலில் உருவான ஃபெஞ்சல் புயல், முதலில் இலங்கையின் கிழக்குப் பகுதியை வெள்ளக்காடாக்கியது. பிறகு வடக்கே நகர்ந்து புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள், டிசம்பர் 1 அன்று, கடலே இல்லாத திருவண்ணாமலையில் மலைச்சரிவு பெயர்ந்து அடிவாரத்து வீட்டின் மேல் விழுந்தது. குழந்தைகள் உட்பட ஏழு பேர் இறந்தார்கள். சாத்தனூர் அணையிலிருந்து பாய்ந்த தண்ணீர் தென்பெண்ணை ஆற்றின் இரு மருங்கிலும் கடலூர் வரை ஊர்களை மூழ்கடித்தது.

ஒரே புயல் இரண்டு நாடுகளையும் அழ வைத்தது. அந்தக் கடலைக் காப்பதற்கான பணத்தை மட்டும் இரண்டு நாடுகளும் தனித்தனியாகத் தேடிக்கொண்டிருக்கின்றன.

கடலைக் கெடுக்காமல் கடலை நம்பிப் பிழைப்பதைத்தான் நீலப் பொருளாதாரம் என்கிறார்கள். மீன்பிடி, துறைமுகம், கடற்கரைச் சுற்றுலா எல்லாம் இதில் அடங்கும். இதற்கு உலகில் பணம் இருக்கிறது. 2018 அக்டோபரில் செஷல்ஸ் என்ற சின்னத் தீவு நாடு, மீன்வளத்தையும் கடலையும் காப்பதற்காகவே உலகின் முதல் நீலக் கடன் பத்திரத்தை வெளியிட்டு ஒன்றரைக் கோடி டாலர் திரட்டியது. உலக வங்கி அதற்கு உத்தரவாதம் கொடுத்தது. உலகச் சுற்றுச்சூழல் நிதியம் வட்டிச் சுமையைக் குறைக்க உதவியது.

செஷல்ஸ் தன் கடலுக்குத் தானே திட்டம் போட முடிந்தது. பல நாடுகள் பங்குபோட்டுக்கொள்ளும் கடலுக்கு வழி வேறு. அந்த நாடுகள் முதலில் ஒன்றாக உட்கார்ந்து, கடலுக்கு என்ன கேடு, அது எங்கிருந்து வருகிறது என்று கூட்டாக ஆய்வறிக்கை எழுத வேண்டும். அடுத்து, யார் என்ன செய்வது என்ற செயல்திட்டத்தை எல்லோரும் ஏற்க வேண்டும். அதன் பிறகுதான் உலகச் சுற்றுச்சூழல் நிதியத்தின் பெரிய கதவு திறக்கும்.

வங்கக் கடலில் இது ஏற்கெனவே நடந்திருக்கிறது. இந்தியா, இலங்கை, வங்கதேசம், மாலத்தீவு, மியான்மர், தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியா ஆகிய எட்டு நாடுகளும் 2009 முதல் ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்போடு சேர்ந்து இப்படியொரு திட்டத்தை நடத்தின. அதற்கு முந்தைய வேர் சென்னையில் இருக்கிறது. சிறு மீனவர்களுக்காக 1979இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், 2003இல் இந்தியா, இலங்கை, வங்கதேசம், மாலத்தீவு ஆகிய நாலு அரசுகளின் கூட்டமைப்பாக மாறியது.

இருந்தும், ராமேஸ்வரத்துக்கும் மன்னாருக்கும் நடுவே, பாக் விரிகுடாவில், கூட்டு முயற்சி முடங்கிக் கிடக்கிறது.

பாக் விரிகுடாவின் சராசரி ஆழம் பத்து மீட்டர்கூட இல்லை. அந்த ஆழத்தில் விசைப்படகு இழுத்துச் செல்லும் இழுவைமடி வலை என்ன செய்யும் என்று பார்க்கலாம். வலையின் வாயை விரித்துப் பிடிக்க இரண்டு கனமான பலகைகள். அவை கடலடியைக் கீறிக்கொண்டே போகும். கடற்புல் வேரோடு வரும். விலைபோகும் இறாலோடு, விலைபோகாத குஞ்சுகுறுமான் எல்லாம் மடியில் சிக்கும். எதிரே நாட்டுப்படகுக்காரர் விரித்த வலை இருந்தால் அதுவும் அறுந்து போகும். அதனால்தான் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு மற்ற நாள் என்ற ஏற்பாடு இந்தக் கரையில் வந்தது. 2009இல் போர் முடிந்து கடலுக்குத் திரும்பிய இலங்கை வடபகுதித் தமிழ் மீனவருக்கு அப்படி எந்த ஏற்பாடும் இல்லை. விசைப்படகு எல்லை தாண்டும் இரவுகளில் அவர் வலையை இறக்கவே அஞ்சுகிறார். எல்லை தாண்டியவர் சிறைக்குப் போகிறார், படகு பறிபோகிறது, இந்தக் கரையில் ஒரு குடும்பம் கடனில் தவிக்கிறது.

இலங்கை 2017இல் இழுவைமடியைச் சட்டத்தால் தடை செய்தது. அதே ஆண்டு இந்தியா, பாக் விரிகுடாவின் 2,000 இழுவைப் படகுகளை ஆழ்கடல் சூரைமீன் படகுகளாக மாற்றும் திட்டத்தைத் தொடங்கியது. ஒரு படகுக்கு 80 லட்சம் ரூபாய் என்று கணக்கிட்டு, 70 சதவீதம் மானியமும் தந்தது. அப்படியும் இலக்கின் பக்கத்தில்கூட வர முடியவில்லை. கையிலிருந்து போட வேண்டிய பணம், வங்கிக் கடன், பழகாத தொழில் என்று மீனவர் தயங்கக் காரணங்கள் பல.

பிரிந்து நிற்பதன் விலையை ஆவுளியா சொல்லும். கடற்புல் மேயும் இந்த விலங்குக்குக் கடல் எல்லை தெரியாது. அதைக் காக்க உலகச் சுற்றுச்சூழல் நிதியம் எட்டு நாடுகளில் நடத்திய திட்டத்தில் இலங்கை இருந்தது, இந்தியா இல்லை. தமிழ்நாடு 2022 செப்டம்பரில் தன் பக்கத்தில் 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியா காப்பகமாக அறிவித்தது. நல்ல முடிவுதான். ஆனால் மறுபக்கத்துப் புல்வெளியோடு சேர்த்துத் திட்டமிட யாரும் இல்லை.

இரு கரை மீனவர்களும் 2014இல் சென்னையிலும் கொழும்பிலும் நேருக்கு நேர் பேசினார்கள். 2016இல் இரு அரசுகளும் கூட்டுச் செயற்குழு அமைத்தன. கைதும் விடுதலையுமே பேச்சாக இருக்கும் அந்த மேசையில் இனி நிதியும் இடம்பெற வேண்டும். படகு மாற்றம், வலை இழப்பீடு, கடற்புல் மீட்பு மூன்றையும் நிதியத்துக்கான ஒரே மனுவாக்கி இந்தியாவும் இலங்கையும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். அதை எழுதும்போது ராமேஸ்வரத்து மீனவரும் யாழ்ப்பாணத்து மீனவரும் உடன் இருக்க வேண்டும். அவர்கள் பேச மொழிபெயர்ப்பாளர்கூடத் தேவையில்லை.