அன்னப் படகில் அரை மணி நேரம்

ஏப்ரல் முதலாந் திகதி, பாடசாலைப் பிள்ளைகளின் பாண்ட் வாத்தியத்தோடு நுவரெலியாவில் சீசன் தொடங்கிவிடும். குதிரைப் பந்தயம், விக்டோரியா பூங்காவில் மலர்க் கண்காட்சி, 1934 முதல் நடந்துவரும் மககஸ்தோட்ட மலையேற்றக் கார்ப் பந்தயம் என்று மாதம் முழுக்க டவுன் நிரம்பி வழியும். கொழும்பு வாகனங்கள் றம்பொடை வளைவுகளில் ஒன்றையொன்று முட்டாத குறையாக ஊர்ந்து ஏறும். வேடிக்கை என்னவென்றால், வெயில் மாறி மழை தலைகாட்டி மலைகளில் கொழுந்து பொங்கும் காலமும் இதுதான். டவுனில் நாடே ஓய்வெடுக்கும் மாதத்தில் தோட்டத்தில் ஒருத்திக்கும் இடுப்பு நிமிராது. புத்தாண்டுக்கு இரண்டொரு நாள் லீவு கிடைக்கும். அதற்கு முன்னும் பின்னும் ஞாயிற்றுக்கிழமைகூட கைக்காசுக் கொழுந்துக்குப் போய்விடும்.

தோட்டத்துக் கணவனும் மனைவியும் ஒரு நாளைச் சும்மா கழிக்க வேண்டுமென்றால், டவுனின் கலண்டருக்கும் தோட்டத்தின் செக்ரோல் பேரேட்டுக்கும் நடுவில் ஒரு சந்து கண்டுபிடிக்க வேண்டும்.

நுவரெலியா ஓய்வுக்கென்றே போட்ட டவுன். 1828-இல் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் தனக்குக் கட்டிய வீடுதான் பிறகு கிராண்ட் ஹோட்டல் ஆனது. ஆளுநர் வில்லியம் கிரகரி 1873-இல் சதுப்பு நிலத்தை அடைத்து வாவி ஆக்கினார். 1875-இல் குதிரைப் பந்தயம், 1876-இல் ஹில் கிளப், 1889-இல் கோல்ஃப் மைதானம், 1897-இல் மகாராணியின் வைர விழாவுக்கு விக்டோரியா பூங்கா. இடையில் 1885-இல் நானுஓயா வரை ரயில் வந்துவிட்டது. பொகவந்தலாவையிலோ டிக்கோயாவிலோ இருந்த ஒரு துரையும் துரைசாணியும் சீசனுக்கு நுவரெலியா வந்தால் நாளை எப்படிக் கழிப்பது என்று யோசிக்கவே வேண்டியதில்லை. காலையில் வாவியைச் சுற்றிக் குதிரைச் சவாரி, பகலில் படகு, மாலையில் பந்தயம், இரவில் ஹில் கிளப்பில் கோட்டும் டையுமாகச் சாப்பாடு. (கிளப்பில் இரவுச் சாப்பாட்டுக்கு டை கட்டும் வழக்கம் வெள்ளைக்காரன் போன பிறகும் போகவில்லை. குளிருக்குக் கழுத்தை மூட அதுவும் ஒரு வழிதான்.) அந்த வாவித் தண்ணீர் 1913 முதல் சுரங்க வழியாக இறங்கி, நானுஓயா பாதையில் ஒரு சிறு நீர்மின் நிலையத்தையும் ஓட்டியது. அந்த இடத்துக்கு ப்ளாக்பூல் என்று பெயர். இங்கிலாந்தில் ஆலைத் தொழிலாளர்கள் லீவுக்குப் போய்க் கூத்தடித்த கடற்கரைப் பட்டினத்தின் பெயரும் அதுவே. இங்கே அந்தப் பெயர் மட்டும்தான் வந்து சேர்ந்தது, தொழிலாளிக்கு லீவு வரவில்லை.

துரையின் பங்களாவுக்குப் புல்வெளி, பூந்தோட்டம், சமையலுக்கு அப்பு, பிள்ளைக்கு ஆயா என எல்லாம் உண்டு. அவற்றையெல்லாம்விடப் பெரிய சொத்து, புருஷனும் பெண்சாதியும் கதவைச் சாத்திக்கொள்ள அறைகள் இருந்தது. தொழிலாளியின் லயத்தில் அது கிடையாது. 10 அடிக்கு 12 அடி காம்பரா ஒன்று, முன்னால் ஓர் இஸ்தோப்பு. மாமனார், மாமியார், கொழுந்தன், நாத்தனார், பிள்ளைகள் எல்லோருக்கும் அவ்வளவுதான். வீட்டில் கல்யாணம் நடந்தால் பெரியவர்கள் சாக்கை எடுத்துக்கொண்டு இஸ்தோப்புக்கு நகர்வார்கள். அடுத்த காம்பராவுக்கும் இதற்கும் இடையிலுள்ள சுவர் கூரையைத் தொடாமல் பாதியில் நிற்கும் லயங்களும் உண்டு. இருமினால் மூன்றாம் காம்பராவில் "என்னா, தடிமனா?" என்று கேட்பார்கள்.

சரி, வேலையிலாவது சேர்ந்து இருந்தார்களா என்றால் அதுவும் இல்லை. பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்தவுடன் அவன் கவ்வாத்துக்கோ மருந்தடிக்கவோ ஒரு மலைக்குப் போவான், அவள் கொழுந்துக்கு வேறொரு மலைக்குப் போவாள். சாயங்காலம் கொழுந்து நிறுத்துவிட்டு, பிள்ளைக்காம்பராவிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, விறகும் பொறுக்கி அவள் வந்து சேரும்போது இருட்டியிருக்கும். அவளுடைய சம்பளத்தையும் புருஷனோ தகப்பனோ போய் வாங்குவதுதான் அப்போது வழக்கம். ஒரே தோட்டத்தில் அவனுடைய நாட்சம்பளம் ஒன்று, அவளுடையது அதைவிடக் குறைவு. 1984 வேலைநிறுத்தத்துக்குப் பிறகே இரண்டும் சமமாயின.

பழைய ஆட்களிடம் "ரெண்டு பேருமா எங்கயாச்சும் போயிருக்கீங்களா?" என்று கேட்டால் சிரிப்பார்கள். கேள்வியே அவர்களுக்குப் பொருந்தவில்லை. ஆனால் கொஞ்சம் கிளறினால் வரும். சம்பளத்துக்கு அடுத்த ஞாயிறு அட்டன் டவுன். அவர் பத்தடி முன்னால், அவள் பிள்ளையும் பையுமாகப் பின்னால். மாணிக்கப் பிள்ளையார் கோயிலில் ஒரு கும்பிடு, கடன் கடையில் ஒரு கணக்கு, கையில் மிச்சமிருந்தால் தியேட்டரில் எம்.ஜி.ஆர். படம். இருட்டில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்த அந்த மூன்று மணி நேரத்தை அந்தத் தலைமுறைப் பெண்கள் சொல்லும்போது படத்தின் கதை நினைவில் இருக்காது, யார் எந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள் என்பது இருக்கும். மாசி மாதத்தில் காமன் கூத்து. ரதியாகவும் மன்மதனாகவும் தோட்டத்துப் பையன்களே வேஷம் கட்டி ஆடுவார்கள், தப்பு விடிய விடிய அதிரும். ஆனால் கூத்துக்களத்தில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். டிசம்பரிலிருந்து வெசாக் வரை சிவனொளிபாத மலை. நல்லதண்ணி வரை லாரியில் போய், இரவெல்லாம் படி ஏறி, உச்சியில் வெளிச்சம் வரக் காத்திருப்பது. அங்கே மட்டும் குளிர் தாங்காமல் ஒரே கம்பளிக்குள் புருஷனும் பெண்சாதியும் உட்கார்ந்தால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

அந்தத் தலைமுறைத் தம்பதிகள் பலர் சேர்ந்து போன ஒரே நீண்ட ரயில் பயணம் வேறொன்று. 1964-இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், பிரஜாவுரிமை இல்லாத மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு போட்டது. மீதி 1,50,000 பேரை 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். தாய்க்கு ஒரு பாஸ்போர்ட், கட்டிக்கொடுத்த மகளுக்கு வேறு நாடு. தலைமன்னாருக்குப் போய்க் கப்பலேற வேண்டிய அவர்களை ஏற்றிய வண்டிக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்றே பெயர் விழுந்துவிட்டது. அட்டன் ஸ்டேஷன் மேடையில் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி பெட்டியோடு கூடவே ஓடியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அதே தண்டவாளத்தில் இன்று நீலப் பெட்டி ரயில் எல்ல வழியாகப் போகிறது. கதவுக் கம்பியைப் பிடித்து ஒரு வெள்ளைக்காரப் பெண் வெளியே சாய்கிறாள், அவளுடைய ஆள் உள்ளிருந்து படமெடுக்கிறான். பின்னணிக்குத் தேயிலை மலை, நடுவில் எங்கோ ஒரு கொழுந்துக் கூட்டம். கோபப்பட இதில் ஒன்றுமில்லை, அவர்களுக்கு அந்த வண்டியின் பழைய பெயர் தெரியாது. ஆனால் இதைத் தமிழில் விளம்பரம் செய்கிற நம்மூர் சுற்றுலாக்காரர்களும் அதைச் சொல்வதில்லை என்பது எனக்கு உறுத்துகிறது.

1983 ஜூலை இனக்கலவரத்தில் நுவரெலியா டவுனில் தமிழ்க் கடைகள் எரிந்தன. அதன் பிறகு பல வருஷத்துக்கு, அடையாள அட்டை இல்லாமல் இரண்டு பேராக எங்கும் உலாவிவிட முடியாது. அட்டை கிடைக்கப் பிரஜாவுரிமை வேண்டும். அந்தக் கணக்கு முழுதாகத் தீர 2003-இன் சட்டம் வரை போனது. இதற்குள் தோட்டங்கள் எழுபதுகளில் அரசுக்குப் போய், 1992-இல் கம்பனிகளிடம் திரும்பின. பிள்ளைகள் படித்தார்கள். மலை வேண்டாமென்று பையன்கள் கொழும்புக் கடைகளுக்கும், பெண்கள் கார்மெண்ட்டுக்கும் வெளிநாட்டு வீட்டு வேலைக்கும் இறங்கினார்கள்.

இப்போது கிரகரி வாவிக் கரைக்கு வாருங்கள். 2010-ஐ ஒட்டிய வருஷங்களில் அதைத் தூர்வாரி, நடைபாதை போட்டு, வேலி அடைத்து, டிக்கெட் வைத்துப் பூங்கா ஆக்கினார்கள். உள்நாட்டாருக்கு ஒரு விலை, வெளிநாட்டாருக்கு ஒரு விலை. உள்ளே மட்டக்குதிரை, சைக்கிள், ஜெட் ஸ்கீ, மிதித்து ஓட்டும் அன்னப் படகு. வெளியே அவித்த சோளம், இஸ்ஸோ வடை, குளிர்த்தொப்பி. மேகம் இறங்கிய ஒரு பின்னேரம் அந்தப் படகுத் துறையில் நின்று ஒரு ஜோடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்குக் கொழும்பு பழைய சோனகத் தெருவில் இரும்புக் கடை வேலை. அவள் தலவாக்கலைப் பக்கத் தோட்டத்தில் கொழுந்துதான். பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். படகு துறையை விட்டு நகர மறுத்தது. அவர் மிதிக்கிறார், அது சுற்றுகிறது.

"ஏங்க, நீங்க காலை எடுங்க. மலை ஏறி எறங்குற காலு இது" என்றாள் அவள்.

அவர் காலை எடுத்தார். அன்னம் நேராக நடுவாவிக்குப் போயிற்று. அங்கே போனதும் அவள் மிதிப்பதை நிறுத்திவிட்டாள். கரையிலிருந்து பார்த்தால் இரண்டு தலைகள் மட்டும் தெரிந்தன. பேசினார்களா இல்லையா, தெரியாது. அரை மணி நேரத்துக்குக் காசு கட்டியிருந்தார்கள், அரை மணி நேரமும் அங்கேயே நின்றார்கள். அவர்களுடைய தாய் தகப்பன் ஒரே காம்பராவில் நாற்பது வருஷம் இருந்தும் கிடைக்காத தனிமை, வருஷத்தில் மூன்று தடவை மட்டும் சந்திக்கிற இவர்களுக்கு டிக்கெட்டுக்குக் கிடைக்கிறது. இதை முன்னேற்றம் என்று சொல்ல நான் தயங்கமாட்டேன், மலிவான முன்னேற்றம் என்று சொல்லவும் மாட்டேன். 2021-இல் ஆயிரமான நாட்சம்பளம் 2024-இல் 1,350 ரூபாய் ஆனது. நுழைவு, படகு, சோளம், பஸ் எல்லாம் சேர்த்தால் அந்த மலைக்கால் எத்தனை நாள் ஏறி இறங்க வேண்டும் என்று அவளுக்கு மனக்கணக்காகத் தெரியும்.

மற்றத் தம்பதிகளும் வாவிக்கு வருகிறார்கள். 2009-க்குப் பிறகு ஏ9 வழியாக வேனில் வரும் யாழ்ப்பாணத்தார், நல்ல வெயிலிலும் குரங்குத் தொப்பி கழற்றாதவர்கள். சீதாஎலிய சீதையம்மன் கோயிலுக்கு வந்த கையோடு வாவியையும் பார்க்கும் தமிழ்நாட்டு ராமாயணச் சுற்றுலாக்காரர்கள். தேனிலவுக்கு வரும் கொழும்பு ஜோடிகள். இவர்களில் வசதியானவர்கள் தங்குவது டவுனில் அல்ல. கந்தப்பளையில் கைவிடப்பட்ட ஹெதர்செட் தேயிலை ஸ்டோரை 1996-இல் ஹோட்டல் ஆக்கினார்கள். கொழுந்து வாட்டிய மாடிகளில் இன்று கட்டில்கள். 2005-இல் காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள பழைய துரை பங்களாக்கள் 'டீ டிரெயில்ஸ்' என்ற பெயரில் விருந்தினருக்குத் திறந்தன. இத்தகைய இடங்கள் சிலவற்றில் ஓர் இரவு வாடகை, கொழுந்து பறிப்பவளின் சில மாதச் சம்பளம். சில இடங்களில் விருந்தாளி அம்மாவுக்குச் சேலை உடுத்தி, கூடை மாட்டி, கணவருக்குச் சாரம் கட்டி, அரை மணி நேரம் கொழுந்து பறிக்க விடுவார்கள். அவர்கள் பறித்ததை அரைத்துப் பொட்டலமாகவும் கொடுப்பார்கள். நிறுக்க ஆளில்லை, அட்டைக்கடி அனுபவத்தில் சேர்த்தி. இதைக் கேலி செய்வது சுலபம். ஆனால் அந்தப் பங்களாவில் சூப் பரிமாறுகிற பையன் லயத்துப் பிள்ளை. அவனுடைய அப்பாயி அதே பங்களாவின் பின்வாசலில் ஆயாவாக நின்றவள். கொழுந்துக் கூடையைவிட அவனுக்கு அந்த வெள்ளைக் கோட்டு மேல் என்றால் அதை மறுக்க நான் யார்? பங்களா கைமாறியதைப் போல லயம் கைமாறவில்லை என்பதுதான் விஷயம். புல்வெளியும் சாத்தக்கூடிய கதவும் அன்றைக்குத் துரைக்கு, இன்றைக்கு விருந்தாளிக்கு.

லயத்துக்கும் ஒன்று வருகிறது, மெதுவாக. 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மோடி, ஏற்கெனவே சொன்ன 4,000 வீட்டோடு இன்னும் 10,000 வீடு என்றார். ஏழு பேர்ச்சஸ் காணியில் தனி வீடு. கட்டி முடிந்த வீடுகளுக்குக் குடிபோனவர்களைக் கேட்டால் சுவரையும் கூரையையும் பற்றி ஒரு வார்த்தையோடு முடித்துக்கொண்டு, உள்ளே தனியாக ஓர் அறை இருப்பதைப் பற்றித்தான் நீட்டிப் பேசுவார்கள். அதிலும் மருமகள்கள். காத்திருப்போர் வரிசையோ மலையைச் சுற்றி நிற்கிறது.

அந்த ஜோடி ஐந்து மணிக்கே பூங்காவை விட்டு வெளியேறியது. சோளத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள். தோட்டத்து ரோட்டில் போகும் கடைசி பஸ் பொழுது சாயும் முன்பே கிளம்பிவிடும். அதை விட்டால் திரீவீல், திரீவீல்காரன் கேட்பது இன்னொரு நாள் சம்பளம். சீசன் இரவுகளில் வாவிக்கரை முழுக்க விளக்குப் போடுகிறார்கள், பாட்டுக் கச்சேரி நடு இரவு வரை போகிறது. அதைப் பார்க்கிறவர்கள் டவுனில் அறை எடுத்தவர்கள். தோட்டத்திலிருந்து வந்தவர்களில் மோட்டார் சைக்கிள் வாங்கிய பையன்களும், அவர்களோடு வந்த பெண்களும் மட்டும்தான் இப்போது கொஞ்சம் இருட்டிய பிறகும் நிற்கிறார்கள். மாதாந்தக் கட்டுக்காசுக்கு வாங்கிய வண்டிதான். வீட்டில் சண்டை போட்டு வாங்கியதாகவும் இருக்கும்.