சாசனத்தின் ஓரங்களை வரைந்த மாணவர்கள்

புதுதில்லி: நாடாளுமன்ற நூலகத்தில் பாதுகாக்கப்பட்டு வரும் இந்திய அரசியல் சாசனத்தின் மூலப் பிரதி, கையால் எழுதப்பட்டு, கையால் வரையப்பட்ட நூலாகும். ஆங்கில வாசகத்தை எழுதியவர் தில்லியைச் சேர்ந்த பிரேம் பிஹாரி நாராயண் ராய்ஜாதா. 22 பகுதிகளின் முகப்புச் சித்திரங்களையும் ஓர வேலைப்பாடுகளையும் தீட்டும் பொறுப்பு சாந்திநிகேதனின் நந்தலால் போஸிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் அதைத் தனியாகச் செய்து முடிக்க முனையவில்லை. கலாபவனத்தில் தம்மிடம் பயின்றவர்களை அழைத்து, பணியைப் பகிர்ந்தளித்தார்.

மொகஞ்சதாரோவின் காளை முத்திரை, நடராசர் திருவுருவம், மாமல்லபுரத்துப் பாறைச் சிற்பம், அக்பர், திப்பு சுல்தான், காந்தியடிகளின் தண்டி யாத்திரை என அந்தப் பக்கங்களில் நாட்டின் வரலாறு விரிகிறது. முகவுரைப் பக்கத்தைத் தீட்டியவர் ஜபல்பூரைச் சேர்ந்த பியோஹர் ராம்மனோகர் சின்ஹா. பக்கத்தின் மூலையில் அவரிட்ட 'ராம்' என்ற சிறிய கையொப்பத்தை இன்றும் காணலாம். சாசனத்தின் ஷரத்துகளைப் பற்றி நாள்தோறும் வாதிடும் நாம், இந்தக் கைகள் எவ்வாறு பழகின என்று கேட்பதில்லை.

சிங்கத்தைப் பார்த்துக் கற்றவர்

சாசனத்தின் முதல் பக்கத்தில் இடம்பெறும் சாரநாத் சிங்கங்களை வரையும் பணி தீனாநாத் பார்கவா என்ற இளைஞருக்குக் கிடைத்தது. இவர் மத்தியப் பிரதேசத்தின் பேதூல் மாவட்டத்தைச் சேர்ந்தவர். தூணின் புகைப்படத்தைப் பார்த்து நகலெடுத்திருந்தால் வேலை சில நாள்களில் முடிந்திருக்கும். ஆனால் அவர் கொல்கத்தா மிருகக்காட்சி சாலைக்குத் திரும்பத் திரும்பச் சென்று, உயிருள்ள சிங்கங்களைக் கவனித்துப் பழகினார்.

நான்கு சிங்கங்கள் முதுகோடு முதுகு சேர்த்து அமர்ந்திருக்கும் அந்தச் சிற்பத்தைத் தாளில் வரையும்போது மூன்று மட்டுமே கண்ணுக்குத் தெரியும். நடுச் சிங்கம் நேர்முகமாகவும் மற்ற இரண்டும் பக்கவாட்டிலும் அமையும். தாடை எங்கே திரும்புகிறது, பிடரி கழுத்தில் எங்கே தொடங்குகிறது, முன்காலில் உடலின் பாரம் எப்படி இறங்குகிறது என்பதை அறியாதவர் வரைந்தால், சிங்கம் பொம்மையாகிவிடும். 2022 ஜூலையில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்தின் மீது தேசியச் சின்னம் திறந்துவைக்கப்பட்டபோது, சிங்கங்களின் முகபாவம் பற்றிக் கட்சிகளிடையே பெரும் சர்ச்சை எழுந்தது நினைவிருக்கலாம். வாயும் பல்லும் எவ்வளவு தெரிய வேண்டும் என்ற கேள்வி, ஒரு நாட்டின் முகம் பற்றிய கேள்வியாயிற்று. தீனாநாத் பார்கவா அந்த விவாதத்தைக் காணவில்லை. 2016-இல் இந்தூரில் அவர் காலமானார்.

பயிற்சிக்குள் இருந்த அரசியல்

ஆங்கிலேயர் ஆட்சியில் சென்னை, கல்கத்தா, பம்பாய் நகரங்களில் ஓவியப் பள்ளிகள் தோன்றின. சென்னைப் பள்ளி 1850-இலேயே தொடங்கப்பட்டது. லண்டன் சவுத் கென்சிங்டன் பாடத்திட்டத்தை ஒட்டிய அப்பயிற்சியில், ஐரோப்பியச் சிலைகளின் சாந்து வார்ப்புகளைப் பார்த்து நகலெடுப்பது முக்கிய இடம் பெற்றது. அளவும் நிழலும் ஒளியும் அதில் பிடிபட்டன என்பதை மறுக்க முடியாது. ஆனால் ஜன்னலுக்கு வெளியே நின்ற மரமும் உழவனும் அந்தப் பாடத்தில் இல்லை.

ரவீந்திரநாத் தாகூர் 1919-இல் தொடங்கிய கலாபவனம் வேறு பாதையில் நடந்தது. 1920-களின் தொடக்கம் முதல் 1951 வரை அதை வழிநடத்திய நந்தலால், அடிப்படைப் பயிற்சியைக் கைவிடவில்லை. அதன் இடத்தை மாற்றினார். மாணவர்கள் சந்தால் கிராமங்களுக்கும் கோபாய் ஆற்றங்கரைக்கும் சென்று வரைந்தனர். இயற்கை, மரபு, சுய சிந்தனை மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்க வேண்டும் என்பது ஜப்பானிய அறிஞர் ஒகாகுராவிடமிருந்து அவர் பெற்ற பாடம். பயணங்களின்போது கண்டவற்றை அஞ்சலட்டைகளில் வரைந்து மாணவர்களுக்கு அனுப்புவது அவரது வழக்கம். ஆசிரியரும் தினந்தோறும் பயில்பவரே என்பதை அந்த அட்டைகள் சொல்லாமல் சொல்லின.

ஒருவர் கோடு, மற்றவர் கண்

கலாபவனத்தில் வரைதல் பூட்டிய அறைக்குள் நடந்த தனித்தவம் அன்று. மண் சுவரால் எழுப்பித் தார் பூசிய 'காலோ பாரி' என்ற விடுதியின் புடைப்புச் சிற்பங்களை ஆசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்தே செய்தனர். 1938-இல் ஹரிபுரா காங்கிரஸ் மாநாட்டுக்காகக் காந்தியடிகள் கேட்டுக்கொண்டபோது, உழவர், கைவினைஞர், இசைவாணர் ஆகியோரின் சித்திரங்களை நந்தலால் தீட்டினார். மாணவர்களும் சக ஓவியர்களும் அவற்றைப் பார்த்து மேலும் பல பிரதிகள் உருவாக்கினர். மாநாட்டுக்கு வந்த எளிய மக்களே பார்வையாளர்கள்.

சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் சிறை சென்றதால் அரசுக் கல்லூரிகளில் படிக்கத் தடை பெற்ற கே.ஜி. சுப்ரமணியன், 1944-இல் சேர்ந்ததும் இங்கேதான். பிற்காலத்தில் நாட்டின் தலைசிறந்த ஓவிய ஆசிரியர்களில் ஒருவரானார். பிறவியிலேயே பார்வைக் குறையுடைய பினோத் பிஹாரி முகர்ஜி 1957-இல் பார்வையை முழுவதும் இழந்த பிறகும் கலைப்பணியைத் தொடர்ந்தார். ஆண்டுக்கணக்கான பயிற்சி கண்ணிலிருந்து கைக்கு இறங்கியிருந்தது.

நந்தலாலின் பிறந்த நாளான டிசம்பர் 3-ஐ ஒட்டி, ஆண்டுதோறும் 1, 2 தேதிகளில் 'நந்தன் மேளா' நடைபெறுகிறது. ஆசிரியர், மாணவர் படைப்புகள் அருகருகே விற்பனைக்கு வைக்கப்படுகின்றன. வருவாய் மாணவர் நல நிதிக்குச் செல்கிறது. சாந்திநிகேதன் 2023-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது.

பறிபோகும் பாடவேளை

பத்தாம் வகுப்பு வரை கலைக்கல்வி கட்டாயப் பாடமாக வேண்டும் என்று 2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு பரிந்துரைத்தது. 2020-ஆம் ஆண்டின் கல்விக் கொள்கையும் கலையை வலியுறுத்துகிறது. 2024-இல் ஆறாம் வகுப்புக்கு 'கிருதி' என்ற கலைப் பாடநூலை என்.சி.இ.ஆர்.டி. வெளியிட்டது. ஆயினும் தேர்வு நெருங்கினால் முதலில் பறிபோவது ஓவியப் பாடவேளைதான் என்பதைப் பெற்றோர் அறிவர். தமிழகத்தில் 2012-இல் தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பட்ட ஓவியம் உள்ளிட்ட பாடங்களின் பகுதிநேர ஆசிரியர்கள், பணி நிரந்தரம் கேட்டு ஆண்டுக்கணக்கில் போராட நேர்ந்தது.

பள்ளி தராததைப் பெரியவர்கள் தாமே தேடிக்கொள்கின்றனர். 2007-இல் அமெரிக்காவின் சியாட்டிலில் ஒரு பத்திரிகை ஓவியர் தொடங்கிய நகர ஓவியர் இயக்கம் இந்திய நகரங்களிலும் பரவியுள்ளது. விடுமுறை நாளில் ஓரிடத்தில் கூடி வரைந்து, முடிவில் எல்லா நோட்டுகளையும் தரையில் பரப்பிப் பார்ப்பது அவர்களது வழக்கம். கோணல் கட்டடமும் தேர்ந்த கையின் கட்டடமும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். தவறு எங்கே என்பதைத் தொடக்கநிலையாளர் பிறர் நோட்டிலிருந்து தாமே கண்டுகொள்வர்.

ஓவியம் பிறவி வரம் என்ற நம்பிக்கை, பெரும்பாலான குழந்தைகளின் கையிலிருந்து பென்சிலைப் பிடுங்கிவிடுகிறது. சாசனத்தை வரைந்தவர்கள் அந்த நம்பிக்கையில் வளர்ந்தவர்கள் அல்லர். நாள்தோறும் வரைந்து, காட்டி, திருத்திக்கொண்டு வளர்ந்தவர்கள். இதை அரசுப் பள்ளிக்குக் கொண்டுவரப் பெரும் நிதி வேண்டியதில்லை. பறிபோகாத இரண்டு பாடவேளை, படங்களை ஒட்ட ஒரு சுவர், அவற்றின் முன் நின்று பேசத் தெரிந்த ஒரு நிரந்தர ஆசிரியர் போதும்.