வாழையிலையில் விரால்: வீட்டு ஓவனில் மீன் சுடும் முறை

வெள்ளைச் சதை மீனை ஓவனில் சுட்டெடுப்பது குழம்பு வைப்பதைவிட வேலை குறைந்தது. ஆனால் குழம்பில் உப்போ புளியோ கூடிக் குறைந்தால் இறக்கும் வரை சரிக்கட்டிக்கொள்ளலாம். ஓவன் கதவை மூடிய பிறகு அதற்கு வழியில்லை. மீனைத் தேர்ந்தெடுப்பது, துண்டின் கனம், மசாலாவின் பக்குவம் எல்லாம் உள்ளே வைப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். அயிரைக் குழம்புக்கும் தோசைக்கல் வறுவலுக்கும் பழகிய மதுரை வீடுகளில் ஓவன் மீன் பல நேரம் வறண்டும் மசாலா பச்சை வாசனை அடித்தும் போவதற்குக் காரணம் இதுதான்.

மீனின் சதை வெளுத்திருப்பதும் சிவந்திருப்பதும் அது நீந்தும் விதத்தைப் பொறுத்தது. சூரையும் அயிலையும் ஓயாமல் நீந்துபவை. அவற்றின் தசைக்கு இடைவிடாமல் ஆக்சிஜன் தேவை. அதைச் சேர்த்துவைக்கும் மயோகுளோபின் என்ற புரதம் மிகுந்திருப்பதால் சதை சிவந்து கறுத்திருக்கும். எண்ணெயும் அதிகம். விரால், கொடுவா, கலவா போன்றவை ஓரிடத்தில் பதுங்கிக் கிடந்து, இரை அருகே வரும்போது மட்டும் பாய்பவை. அந்த நொடிப் பாய்ச்சலுக்கு மயோகுளோபின் அதிகம் தேவையில்லை, ஆகவே சதை வெள்ளை. விளைமீனும் சங்கராவும் இந்தக் கூட்டத்தில்தான் சேரும். இவற்றின் சதையில் கொழுப்பு குறைவு என்பது உடம்புக்கு நல்ல செய்தி, ஓவனுக்கு அல்ல. மத்தி மீனில் ஊறியிருக்கும் எண்ணெய் அதைக் காயாமல் காக்கும். விராலுக்கு அந்தப் பாதுகாப்பைச் சமைப்பவர்தான் வெளியிலிருந்து தர வேண்டும்.

மதுரைக்குக் கடல் இல்லை. ராமேசுவரம் சுமார் 170 கிலோமீட்டர், தூத்துக்குடி ஏறத்தாழ 150 கிலோமீட்டர். கரிமேட்டிலும் நெல்பேட்டையிலும் விற்கும் கடல்மீன் ஐஸ் பெட்டியில் வந்து இறங்குவது. வங்கக் கடலோரத்தில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. அந்த நாட்களில் நாட்டுப்படகு மீனும் வெளிமாநில மீனும்தான் வரும், விலையும் ஏறிவிடும். புரட்டாசியில் நிலைமை தலைகீழ்: பாதி ஊர் அசைவத்தைத் தொடாது, மீன் மலிந்து கிடக்கும்.

கடல்மீன் குறையும் கோடையில் கண்மாய் கைகொடுக்கிறது. 1959இல் கட்டி முடிக்கப்பட்ட வைகை அணையும், 1895 முதல் முல்லைப் பெரியாற்று நீர் கிழக்கே திரும்பி நிரப்பும் மேலூர்ப் பக்கத்துக் கண்மாய்களும் இந்தச் சமவெளியின் மீன் கிடங்குகள். கோடையில் தண்ணீர் வற்றியதும் மேலூர், சிங்கம்புணரிப் பக்கத்து ஊர்களில் மீன்பிடித் திருவிழா நடக்கும். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசிக் காட்டியதும் ஊத்தா, கச்சா, வலை என்று கையில் கிடைத்ததோடு ஆணும் பெண்ணும் சேற்றில் இறங்குவார்கள். பிடித்த மீனை விற்காமல் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைப்பது பல ஊர்களில் வழக்கம். அன்று ஊத்தாவில் விரால் விழுந்த வீட்டுக்கு ஒரு மதிப்பு உண்டு.

ஓவனுக்கும் அந்த விரால்தான் முதல் தேர்வு. காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் மீன் அது. ஈரம் இருந்தால் தண்ணீருக்கு வெளியே மணிக்கணக்கில் உயிரோடிருக்கும். எனவே மார்க்கெட்டில் தொட்டியில் துள்ளும் மீனையே காட்டி வாங்க முடிகிறது. ஐஸில் எத்தனை நாள் கிடந்ததோ என்ற சந்தேகத்துக்கே இடமில்லை. நடுமுள்ளைத் தவிர தொந்தரவு தரும் சிறுமுள் குறைவு, சதை கெட்டி. ஒரே தொல்லை அதன் வழுவழுப்பு. கல் உப்போ அடுப்புச் சாம்பலோ போட்டுச் சொரசொரப்பான தரையில் தேய்த்துக் கழுவினால்தான் போகும். அதனால் கடைக்காரரிடமே தோலை உரித்து வாங்குபவர்கள் உண்டு. ஓவனுக்குத் தோல் இருப்பதே நல்லது. அது சதையின் ஈரத்தைக் காக்கும்.

கடல்மீன்தான் வேண்டும் என்பவர்களுக்குக் கொடுவா. கழிமுகத்திலும் உவர்நீரிலும் வளரும் இந்த மீனைச் சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997இல் செயற்கை முறையில் இனப்பெருக்கம் செய்ய வைத்த பிறகு, பண்ணைக் கொடுவாவும் சந்தைக்கு வருகிறது. கையில் காசு குறைவு என்றால் ஜிலேபி. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இந்த ஆப்பிரிக்க மீன் இன்று தமிழ்நாட்டுக் கண்மாய் எதிலும் கிடைக்கும். முழு மீனாகச் சுட அளவும் தோது. கட்லாவையும் ரோகுவையும் ஓவனில் வைக்கலாம், ஆனால் சதைக்குள் கவட்டை முள் நிறைய. குழந்தைகளுக்குக் கொடுக்கும் வீட்டில் வேண்டாம். உறைந்த கட்டியாக சூப்பர் மார்க்கெட்டில் விற்கும் பாசாவுக்கு முள்ளே இல்லை. சுவையும் பெரிதாக இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அதை வாங்கினால் முதல் நாள் இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து உருகவிட்டு, தண்ணீரை நன்றாக ஒற்றியெடுத்த பிறகே மசாலா தடவ வேண்டும்.

வாங்கும்போது கண் பளபளப்பதையும் செவுள் சிவந்திருப்பதையும் பார்க்க எல்லோருக்கும் தெரியும். ஓவனுக்கு வாங்குபவர் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது வெட்டு. கடைக்காரர்கள் வறுவலை நினைத்து மெல்லிய துண்டாகவே போட்டுப் பழகியவர்கள். அரை அங்குலத் துண்டு தோசைக்கல்லுக்குச் சரி. ஓவனில் மசாலா காய்வதற்குள் மீன் காய்ந்துவிடும். ஒரு அங்குலக் கனத்துக்குக் குறையாமல் வெட்டச் சொல்ல வேண்டும். முழு மீன் என்றால் செதில், குடல் நீக்கி, இரண்டு பக்கமும் முள் வரை மூன்று நான்கு கீறல்.

வீட்டுக்கு வந்ததும் வாசனையைக் கவனிக்க வேண்டும். கடல்மீனின் கவிச்சிக்கும் கண்மாய் மீனின் சேற்று வாடைக்கும் காரணம் ஒன்றல்ல. கடல்மீன் தன் உடம்பில் உப்புச் சமநிலைக்காக வைத்திருக்கும் ஒரு பொருள், மீன் இறந்த பிறகு பாக்டீரியாவால் சிதைந்து டிரைமெத்தில்அமீன் ஆகிறது. மூக்கைத் துளைப்பது அதுதான். நன்னீர் மீனில் அந்தப் பொருள் மிகக் குறைவு. அங்கே சேற்று வாடை தருவது, தண்ணீரில் வாழும் நீலப்பச்சைப் பாசியும் சில நுண்ணுயிரிகளும் உண்டாக்கும் ஜியோஸ்மின். முதல் மழையில் மண் மணப்பதும் இதனால்தான். காரணம் வேறானாலும் மருந்து ஒன்று: புளிப்பு. அமிலம் டிரைமெத்தில்அமீனைக் கட்டிப்போடும், ஜியோஸ்மினைச் சிதைக்கும். மீன் குழம்பில் புளி இவ்வளவு காலம் நிலைத்ததில் ருசியோடு இதற்கும் பங்கு உண்டு.

வடக்கே தந்தூரி மீனுக்குத் தயிரில் ஊறவைப்பார்கள். மீனும் தயிரும் சேர்ந்தால் ஆகாது என்று நம்பும் வீடுகள் மதுரையில் அதிகம். அவர்கள் தயங்க வேண்டியதில்லை, அந்த வேலையைப் புளிக்கரைசலோ எலுமிச்சையோ செய்துவிடும். எலுமிச்சைச் சாற்றில் மட்டும் மீனை 20 நிமிடத்துக்கு மேல் போட்டுவைக்கக் கூடாது. அமிலமே சதையை வேகவைத்தது போல வெளிறவைத்து இறுக்கிவிடும்.

இனி மசாலா. ஓவன் மீன் சரியாக வராத வீடுகளில் பெரும்பாலும் பிழை இங்கேதான். குழம்பில் மிளகாய்த்தூளும் மல்லித்தூளும் புளித்தண்ணீரில் கால் மணி நேரமாவது கொதிக்கும். வறுவலில் அவை சுடும் எண்ணெயில் நேரடியாகப் பொரியும். ஓவனில் இலைக்குள் இருக்கும் மசாலாவுக்கு இரண்டும் கிடையாது. அதிகம் போனால் 20 நிமிடம் ஆவியில் இருக்கும். அதற்குள் பச்சை வெங்காயமும் பூண்டும் வேகாது, தூளின் காறல் போகாது. மசாலா வேகட்டும் என்று நேரத்தைக் கூட்டினால் மீன் சக்கையாகும். ஆகவே மசாலாவை அடுப்பில் முழுதாக வதக்கி முடித்த பிறகே மீனில் பூச வேண்டும். கேரளத்துக் கரிமீன் பொள்ளிச்சதில் செய்வதும் இதையே.

நான்கு பேருக்கு, சுத்தம் செய்த விரால் 750 கிராம் போதும். துணியால் ஈரம் ஒற்றி, ஒரு தேக்கரண்டி உப்பு, அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூள், அரை மூடி எலுமிச்சைச் சாறு பூசி 15 நிமிடம் வைக்கலாம். வாணலியில் மூன்று மேசைக்கரண்டி நல்லெண்ணெய் காய்ந்ததும் அரைத் தேக்கரண்டி சோம்பு, ஒரு கைப்பிடி கறிவேப்பிலை, பொடியாக அரிந்த சின்ன வெங்காயம் 150 கிராம். வெங்காயம் பொன்னிறமானதும் தட்டிய பூண்டு பத்துப் பல், ஒரு துண்டு இஞ்சி. பிறகு தக்காளி இரண்டு. அது குழைந்ததும் மிளகாய்த்தூள் ஒன்றரைத் தேக்கரண்டி, மல்லித்தூள் ஒரு தேக்கரண்டி, கொரகொரப்பாகப் பொடித்த மிளகு ஒரு தேக்கரண்டி, மசாலாவுக்கு வேண்டிய உப்பு. கடைசியில் சிறு நெல்லிக்காயளவு புளியின் கெட்டிக் கரைசல். எண்ணெய் பிரிந்து, மசாலா கரண்டியிலிருந்து வழியாமல் சுருண்டு நிற்கும் வரை வதக்க வேண்டும். தண்ணீராக இறக்கினால் இலைக்குள் குழம்புதான் கிடைக்கும். சூட்டோடு பூசக் கூடாது. மேல்சதை முன்கூட்டியே வெந்துவிடும்.

வாழையிலைக்கு மதுரையில் பஞ்சமில்லை. சோழவந்தான் பக்கத்துத் தோட்டங்களே போதும். நடு நரம்பைச் சீவிவிட்டு, இலையைத் தணலிலோ கேஸ் அடுப்பு மேலோ மெல்ல வாட்டினால் கிழியாமல் மடங்கும். அடியில் ஒரு பங்கு மசாலா, அதன் மேல் மீன், மேலே மீதி மசாலா, இரண்டு கறிவேப்பிலை ஈர்க்கு. மடித்து வாழைநாரால் கட்ட வேண்டும். அலுமினியத் தாளில் நேரடியாகச் சுற்றுவதைத் தவிர்ப்பது நல்லது: புளியும் தக்காளியும் அலுமினியத்தை அரிக்கும். தாள் வேண்டுமென்றால் இலைக்கு மேல் சுற்றலாம். ஓவனின் காற்று 200 டிகிரியில் இருந்தாலும், ஈரம் இருக்கும் வரை இலைக்குள் வெப்பம் 100 டிகிரியைத் தாண்டுவது கடினம். கொழுப்பு குறைந்த மீனுக்கு வெளியிலிருந்து தர வேண்டிய பாதுகாப்பு இதுதான்.

ஓ.டி.ஜி. ஓவனை மேல், கீழ் இரண்டு கம்பியும் எரிய 200 டிகிரி செல்சியஸில் வைத்துப் பத்துப் பதினைந்து நிமிடம் சூடாக்கிய பின்னரே மீன் உள்ளே போக வேண்டும். மைக்ரோவேவ் அடுப்பு என்றால் கன்வெக்‌ஷன் முறை. வெறும் மைக்ரோவேவில் மீன் வேகும், சுடாது. மீனின் கனத்தில் அங்குலத்துக்குப் பத்து நிமிடம் என்று கனடாவின் மீன்வளத் துறை பரப்பிய கணக்கு ஒன்று உண்டு. அது மூடாத மீனுக்கும் இன்னும் கூடுதல் சூட்டுக்கும் சொன்னது. இலையில் கட்டிய ஒரு அங்குலத் துண்டுக்கு 18 முதல் 20 நிமிடம் ஆகும். ஒரு கிலோ எடையுள்ள முழுக் கொடுவாவுக்கு 30 முதல் 35 நிமிடம். கடைசி ஐந்து நிமிடம் இலையைத் திறந்துவைத்தால் மசாலாவின் மேற்பரப்பு காய்ந்து சிவந்து, சுட்ட மணம் ஏறும்.

ஆட்டுக்கறிக்குப் பழகியவர்கள் மீனுக்கும் நேரம் கூட்டுகிறார்கள். அது வீண். ஆட்டின் தசையைக் கட்டிவைத்திருக்கும் கொலாஜன் நிறைய, அது கரைய நேரமும் சூடும் வேண்டும். மீனில் கொலாஜன் கொஞ்சம். 50 முதல் 55 டிகிரியிலேயே இளகி, சதை இதழ் இதழாகப் பிரியும். மீனின் நடுப்பகுதி 63 டிகிரியை எட்டினால் பாதுகாப்பாக வெந்ததாகக் கணக்கு. வெப்பமானி இல்லாத வீட்டில், தடித்த இடத்தில் கத்தி நுனியை விட்டு லேசாகத் திருப்பிப் பார்க்கலாம். கண்ணாடி போன்ற பளபளப்பு போய்ச் சதை முழுதும் பால் வெள்ளையாகியிருக்க வேண்டும், முள்ளோரத்தில் சிவப்பு தெரியக் கூடாது. அதற்கு மேல் ஒவ்வொரு நிமிடமும் நட்டம்.

ஓவன் இல்லாத வீட்டில் அடிகனமான பழைய குக்கரோ அலுமினியச் சட்டியோ போதும். அடியில் ஒரு அங்குலத்துக்குக் கல் உப்போ மணலோ பரப்பி, மேலே ஒரு வளையம் வைத்து, மூடிப் பத்து நிமிடம் சூடேற்ற வேண்டும். குக்கர் என்றால் கேஸ்கெட்டும் வெயிட்டும் போடக் கூடாது. இலைப் பொட்டலத்தைத் தட்டில் வைத்து உள்ளே இறக்கி, மிதமான தீயில் 25 நிமிடம். மேலே சிவக்காது என்பது ஒன்றே குறை. தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் ஒரு நிமிடம் போட்டால் அதுவும் தீரும். எண்ணெயில் பொரிக்காமல் மீனைச் சுடுவது தமிழருக்குப் புதிதுமல்ல. சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினத்துப் பரதவர் விருந்தினருக்குத் தருவதும் உலர்ந்த குழல்மீனைச் சுட்டதுதான்.

வெளியே எடுத்ததும் ஐந்து நிமிடம் இலை மூடியபடியே இருக்கட்டும்; வெளியேறத் துடிக்கும் சாறு சதைக்குள் அடங்கும். வெறும் சோறும் மிளகு ரசமும் இதற்குச் சரியான கூட்டு. பரோட்டாவோடும் சாப்பிடலாம்தான், ஆனால் சால்னா பழகிய நாக்கு ஈரம் போதவில்லை என்று சொல்லும். மிஞ்சிய மீனை மறுநாள் திரும்ப ஓவனில் வைத்தால் நார் நாராகிவிடும். முள் நீக்கி உதிர்த்து, வெங்காயம் பச்சைமிளகாயோடு இரண்டு நிமிடம் கிளறிப் புட்டாக்கிவிட வேண்டும்.